கெட்ட செய்தி மேலே ஏறும் வழி

1988 மார்ச் 4ஆம் தேதி அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத் தலைவர் ரிச்சர்ட் ஹெக்கர்ட் மூன்று செனட்டர்களுக்குப் பதில் கடிதம் எழுதினார். குளிர்பதனப் பெட்டியிலும் ஏசியிலும் ஓடிக்கொண்டிருந்த ஃப்ரியான் வகை வாயுக்களின் உற்பத்தியை நிறுத்தும்படி அவர்கள் கேட்டிருந்தார்கள். உற்பத்தியைப் பெருமளவு வெட்டும் அளவுக்கு அறிவியல் சான்று இன்னும் வரவில்லை என்று ஹெக்கர்ட் மறுத்தார். மார்ச் 15ஆம் தேதி, ஓசோன் படலத்தின் நிலையை ஆராய நாசா கூட்டிய நிபுணர் குழு தன் முடிவுகளை வெளியிட்டது. மார்ச் 24ஆம் தேதி, அந்த வாயுக்களின் உற்பத்தியையே படிப்படியாகக் கைவிடப்போவதாக டூபாண்ட் அறிவித்தது. மறுப்புக்கும் கைவிடலுக்கும் இடையில் இருபதே நாள்.

ஒரு தொழிலின் அடித்தளமே ஆட்டம் காணும்போது அதை நடத்துகிறவர்களின் மனத்தில் என்ன நிகழ்கிறது, அது எப்படிக் கணக்குப் புத்தகத்துக்குள் வந்து சேர்கிறது என்பதே இன்றைய உரையின் பொருள். மேலாண்மைப் பாடநூல்கள் முடிவெடுப்பதைப் பற்றிப் பேசும்போது மூலதனம், வருவாய், இடர் என்று எண்களிலேயே பேசும். அச்சம், கர்வம், வெட்கம், துக்கம், உற்சாகம் ஆகியவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டு அலுவலகத்துக்கு வரவேண்டும் என்பது அங்கே எழுதப்படாத விதி. அப்படி வைத்துவிட்டு வந்த முதலாளி ஒருவரையும் சுற்றுச்சூழல் நெருக்கடிகளின் வரலாற்றில் காண முடிவதில்லை.

வைத்துவிட்டு வந்தால் முடிவே எடுக்க முடியாது என்கிறது நரம்பியல். அந்தோனியோ டமாசியோ 1994இல் வெளியிட்ட நூலில், எலியட் என்று பெயர் மாற்றி ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். மூளையின் முன்பகுதியில் இருந்த கட்டியை அகற்றிய பிறகும் எலியட்டின் அறிவுத்திறன் குறையவில்லை. உணர்ச்சி மட்டும் வற்றிப்போயிருந்தது. அதன்பின் அவரால் சின்னச் சின்ன முடிவுகளைக்கூட எடுக்க முடியவில்லை. வேலை போயிற்று, சேமிப்பு போயிற்று, இல்லறமும் உடைந்தது. ஆகவே தலைவர்கள் உணர்ச்சிவசப்படலாமா என்று கேட்பதில் பயனில்லை. எந்த உணர்ச்சி, யாருடைய வாயை அடைத்தது, யாருடைய வாயைத் திறந்தது என்று கேட்டுப் பார்த்தால் பல விஷயங்கள் துலங்கும்.

டூபாண்டின் கதை 1974இல் தொடங்குகிறது. மாரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் அந்த ஆண்டு ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஃப்ரியான் வகை வாயுக்கள் மேல்வளிமண்டலம் வரை சென்று சிதைந்து, அவற்றிலுள்ள குளோரின் ஓசோனை அழிக்கும் என்பது அவர்களின் கணிப்பு. 1975இல் டூபாண்ட் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. நம்பத்தகுந்த சான்று கிடைத்தால் உற்பத்தியை நிறுத்துவோம் என்ற வாக்குறுதி அதில் இருந்தது. அறிவியலால் வளர்ந்த நிறுவனம் என்ற பெருமிதம் பேசிய பேச்சு அது. அதே பெருமிதம்தான் அடுத்த பதின்மூன்று ஆண்டுகளுக்குக் கேடயமாகவும் பயன்பட்டது. சான்று போதாது, இன்னும் போதாது என்றே சொல்லிவந்தார்கள். 1985இல் ஜோசஃப் ஃபார்மனும் அவருடைய இரு சகாக்களும் அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் மெலிந்துபோனதை அளந்து காட்டினார்கள். 1987 செப்டம்பர் 16இல் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. அப்போதும் கேடயம் கீழே இறங்கவில்லை.

1988 மார்ச்சில் இறங்கியதற்கு ஒரு முக்கியக் காரணம், அந்த நிபுணர் குழுவின் பணியில் டூபாண்டின் சொந்த வளிமண்டல விஞ்ஞானி மேக் மெக்ஃபார்லண்டும் பங்கேற்றிருந்தார் என்பது. எதிர்முகாமிலிருந்து வந்த செய்தியைச் சந்தேகிக்கலாம். தன் சம்பளப் பட்டியலில் இருக்கும் விஞ்ஞானியே கொண்டுவந்த செய்தியைச் சந்தேகித்தால், வேதியியல் முனைவரான ஹெக்கர்ட் தன்னையே சந்தேகிப்பதாகும். இதில் வணிகக் கணக்கும் உண்டு. மாற்று வாயுக்களை முதலில் தயாரித்து விற்கும் வலிமை டூபாண்டுக்கு இருந்தது. ஃப்ரியான் அதன் மொத்த வருவாயில் சிறு பங்கு மட்டுமே. இந்தக் கணக்கை மறைத்து அந்த நிறுவனத்துக்குப் புகழாரம் சூட்டுவது பிழை. ஆனால் மார்ச் 4ஆம் தேதியும் அந்தக் கணக்கு அப்படியேதான் இருந்தது. இருபது நாளில் மாறியவை, செய்தியும் அதைக் கொண்டுவந்தவரும்தான்.

பேரி ஸ்டாவும் அவருடைய இரு சகாக்களும் 1981இல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை இந்தத் தாமதத்தை விளங்கிக்கொள்ள உதவும். ஆபத்து நெருங்கும்போது மனிதரும் நிறுவனங்களும் இறுகிப்போகிறார்கள் என்பது அதன் சாரம். தகவல் வரும் வாசல்கள் குறுகும், அதிகாரம் மேலே குவியும், பழகிய வழியையே கைகள் தேடும். புதிய வழி எப்போது மிகவும் தேவையோ அப்போதுதான் அது கண்ணில் படாமல் போகிறது.

அந்த இறுக்கத்தை முழு உருவில் பார்க்க ஃபோக்ஸ்வாகனுக்குப் போக வேண்டும். மார்ட்டின் வின்டர்கார்ன் 2007இல் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர். 2018க்குள் உலகின் முதல் கார் நிறுவனமாக வேண்டும் என்பது அவர் வைத்த இலக்கு. அதற்கு அமெரிக்கச் சந்தை வேண்டும். அமெரிக்காவில் விற்கத் ‘தூய்மையான டீசல்’ வேண்டும். 2011 ஃபிராங்க்ஃபர்ட் கார் கண்காட்சியில் எடுத்த ஒரு காணொளியை இன்றும் பார்க்கலாம். வின்டர்கார்ன் ஹூண்டாய் காருக்குள் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை மேலும் கீழும் நகர்த்துகிறார். சத்தமே வரவில்லை. அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியவில்லை என்று தன் வடிவமைப்புத் தலைவரிடம் கேமரா முன்னாலேயே கேட்கிறார். சிறு குறையையும் விடாத பொறியாளரின் அக்கறை அது. பொது இடத்திலேயே பதில் சொல்லியாக வேண்டிய கீழதிகாரிக்கு அது வேறு மாதிரி இருந்திருக்கும்.

2014 மே மாதம் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு ஒன்று தன் சோதனை முடிவுகளை வெளியிட்டது. அரவிந்த் திருவேங்கடமும் அந்தக் குழுவில் இருந்தார். புகை அளக்கும் கருவியைக் காரிலேயே ஏற்றிக் கலிஃபோர்னியச் சாலைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா வெளியிட்ட நைட்ரஜன் ஆக்சைடு, அனுமதித்த அளவைப்போல் 15 முதல் 35 மடங்கு. சோதனைச்சாலையில் தேர்ச்சி பெற்ற கார் சாலையில் தோற்றது. சோதனை நடப்பதை உணர்ந்து புகையைக் குறைத்துக்கொள்ளும் மென்பொருள் உள்ளே இருந்தது. ஏறத்தாழ 1.1 கோடி வண்டிகளில் இருந்தது. அந்த ஆய்வைப் பற்றி 2014 மே 23இல் ஒரு குறிப்பு தயாராகி, வின்டர்கார்னின் வார இறுதிக் கோப்புக்கட்டில் சேர்க்கப்பட்டதாக நிறுவனமே பின்னர் தெரிவித்தது. அதை அவர் படித்தாரா என்பதற்குப் பதிவில்லை என்றும் சொன்னது.

நிறுவனத்தின் மிகப் பெரிய ஆபத்து, ஒரு பருத்த கோப்புக்கட்டுக்குள் ஒரு தாளாகப் போனது. எழுந்து நின்று நேரில் சொன்னதாகப் பதிவில் எவரும் இல்லை. 2015 செப்டம்பர் 18இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை குற்றச்சாட்டை வெளியிட்டது. ஐந்து நாளில் வின்டர்கார்ன் பதவி விலகினார். மோசடி தனக்குத் தெரியாது என்று அவர் தொடர்ந்து சொல்லிவந்திருக்கிறார். அது உண்மை என்றே கொண்டாலும், அத்தனை பொறியாளர்களுக்குத் தெரிந்தது தலைவருக்குத் தெரியாமல் போன ஒரு வீட்டை அவர் நடத்திக்கொண்டிருந்தார் என்றாகிறது. அடுத்து வந்த மத்தியாஸ் முல்லர், ஆமாம் சாமிகள் தேவையில்லை என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது. அபராதம், இழப்பீடு என்று நிறுவனத்துக்கு ஆன செலவு 3,000 கோடி யூரோவைத் தாண்டியது.

அரசனின் காதுக்குக் கசக்கும் சொல்லைப் பற்றித் திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் பேசியிருக்கிறது. இடித்துச் சொல்ல ஆளில்லாத அரசனைப் பற்றிப் பெரியாரைத் துணைக்கோடல் பேசியிருக்கிறது. ஆட்சியைப் பற்றிச் சொன்னவை இன்று ஆலைகளுக்கு அட்சரம் பிசகாமல் பொருந்துகின்றன.

இனி வின்டர்கார்னுக்கு நேர் எதிரான ஒருவர். ரே ஆண்டர்சன் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்காரர், பொறியியல் படித்தவர். 1973இல் இன்டர்ஃபேஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, சதுரத் துண்டுகளாகப் பதிக்கும் அலுவலகக் கம்பளங்களைத் தயாரித்து விற்றார். நைலான் நூல், அதை ஒட்டும் பசை, அடித்தளம் எல்லாமே பெட்ரோலியத்திலிருந்து வருபவை. 1994இல் வாடிக்கையாளர்கள் சிலர், பூமிக்காக உங்கள் நிறுவனம் என்ன செய்கிறது என்று விற்பனையாளர்களிடம் கேட்கத் தொடங்கினார்கள். பதில் தயாரிக்க ஒரு குழு அமைந்தது. குழுவின் முதல் கூட்டத்தில் தலைவர் பேச வேண்டும் என்றார்கள். சட்டத்துக்குக் கீழ்ப்படிகிறோம் என்பதைத் தவிர ஆண்டர்சனிடம் சொல்ல எதுவும் இல்லை. அந்த நேரத்தில் பால் ஹாக்கனின் ‘வணிகத்தின் சூழலியல்’ என்ற பொருள்படும் நூல் அவர் மேசைக்கு வந்தது. படித்தபோது நெஞ்சில் ஈட்டி பாய்ந்ததுபோல் இருந்தது என்று பிற்காலத்தில் மேடைக்கு மேடை சொன்னார். அப்போது அவருக்கு 60 வயது. பூமியைக் கொள்ளையடித்தவன் என்று தன்னையே அழைத்துக்கொண்டார்.

இவ்வளவு துக்கம் ஒரு தலைவருக்கு வந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். ஓய்வுபெற்று அறப்பணிக்குப் போவார். அல்லது அழகான அறிக்கை ஒன்றை வெளியிட்டுவிட்டுப் பழையபடி தொழிலைப் பார்ப்பார். ஆண்டர்சன் ஆலைக்குள் போனார். எது வீண் என்பதன் இலக்கணத்தையே மாற்றினார். வாடிக்கையாளருக்குப் பயன் தராத ஒவ்வொரு செலவும் வீண். பூமிக்கடியிலிருந்து எடுத்து எரிக்கும் எரிபொருளும் வீண் என்ற கணக்கில் சேர்ந்தது. தறியருகே நிற்கும் தொழிலாளி முதல் எல்லோரும் வீண்செலவைச் சுட்டிக்காட்டலாம் என்றானது. முதலாளியே தன்னைக் குற்றவாளி என்று ஒப்புக்கொண்ட இடத்தில், இங்கே ஒரு தவறு இருக்கிறது என்று சொல்லத் தொழிலாளிக்கு என்ன பயம்? வெட்கம் இந்த நிறுவனத்தில் வாசல்களைத் திறந்துவிட்டது. 2009இல் ஒரு மேடையில் ஆண்டர்சன் கணக்குச் சொன்னார்: 1996லிருந்து நிகர பசுங்குடில் வாயு வெளியீடு 82 சதவீதம் குறைந்திருக்கிறது, அதே காலத்தில் விற்பனை மூன்றில் இரண்டு பங்கு கூடியிருக்கிறது, லாபம் இரட்டிப்பாகியிருக்கிறது.

எல்லாம் வென்றுவிடவில்லை. கம்பளத்தை விற்காமல் வாடகைக்குக் கொடுத்து, தேய்ந்த துண்டுகளை மட்டும் மாற்றித் திரும்ப எடுத்துக்கொள்ளும் திட்டத்தின்மேல் அவருக்குப் பெரிய ஆசை இருந்தது. சந்தை அதை ஏற்கவில்லை. ஒப்பந்தங்கள் கொஞ்சம்தான் கிடைத்தன. அந்தத் தோல்வியை ஒளிக்காமல் பேசினார்கள். மறுபக்கம், காட்டுத் தரையில் இரண்டு இலை ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதைக் கவனித்து, துண்டுக்குத் துண்டு சற்றே வேறுபடும் கம்பளத்தை வடிவமைப்பாளர் டேவிட் ஓக்கி உருவாக்கினார். எந்தத் துண்டையும் எந்தத் திசையிலும் பதிக்கலாம் என்பதால் வெட்டி எறியும் கழிவு வெகுவாகக் குறைந்தது. அது அமோகமாக விற்றது. 2001இலேயே தலைமை நிர்வாகப் பொறுப்பை டான் ஹென்ட்ரிக்ஸிடம் கொடுத்துவிட்ட ஆண்டர்சன், 2011 ஆகஸ்டில் புற்றுநோயால் இறந்தார். 2020க்குள் சூழலுக்குத் தீங்கே செய்யாத நிறுவனமாக வேண்டும் என்று அவர் வைத்த இலக்கை எட்டிவிட்டதாக நிறுவனம் 2019இல் அறிவித்தது. அவர் பட்ட துக்கம் அவரோடு போகாமல் ஆலையின் மாதாந்திரக் கணக்கில் தங்கியிருந்தது. பல நல்ல முதலாளிகளின் நல்ல உணர்ச்சிகள் அவர்களோடு மறைந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

உற்சாகமும் வாசலை அடைக்கும் என்பதற்கு எண்ணெய்த் தொழிலில் ஓர் எடுத்துக்காட்டு போதும். 2020இல் பிபி நிறுவனத் தலைவராக வந்த பெர்னார்ட் லூனி, எண்ணெய், எரிவாயு உற்பத்தியைப் பத்தே ஆண்டில் 40 சதவீதம் குறைப்போம் என்றார். 2023 பிப்ரவரியில் அந்த இலக்கு 25 சதவீதமானது. 2025 பிப்ரவரியில், அடுத்து வந்த முர்ரே ஆச்சின்க்ளாஸ் அதையும் கைவிட்டு, உற்பத்தியைக் கூட்டப்போவதாக அறிவித்தார். மாற்றம் வேகமாக வரும் என்று நம்பியது தவறிவிட்டது என்றார். இடையில் உக்ரைன் போர் எண்ணெய் விலையை ஏற்றியது. பங்குதாரர்களின் நெருக்கடியும் சேர்ந்தது. இலக்கு நல்லதுதான். ஆனால் விலை திரும்பினால் என்ன செய்வோம் என்ற கேள்வியை, கொண்டாட்டத்துக்கு நடுவே யாராவது எழுப்பி, அதற்கு விடையும் எழுதி வைத்திருந்தால், ஐந்தே ஆண்டில் இவ்வளவு தூரம் பின்வாங்க நேர்ந்திருக்குமா?

இனி நம் பின்னலாடை நகரான திருப்பூருக்கு வருவோம். தமிழ்நாட்டில் நடக்கும் எந்தத் தொழில் உரையும் அங்கே ஓடும் நொய்யல் ஆற்றைத் தாண்டிப் போக முடியாது, போகவும் கூடாது.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். சாயம் ஏறியபின் அந்த உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். 1990களில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை ஓரளவு நீக்கின. கரைந்திருந்த உப்பைத் தொடவில்லை. பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுத் தேக்கமாகிவிட்டது. தண்ணீரைத் திறந்துவிடு என்று கேட்க வேண்டிய கடைமடை விவசாயிகள், திறந்துவிடாதே என்று நீதிமன்றப் படியேறினார்கள். இப்படி ஒரு கோரிக்கையை வைக்க ஒரு விவசாயி எவ்வளவு நொந்திருக்க வேண்டும்!

ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்று 2006 டிசம்பர் 22இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2007 ஜூலை வரை கெடு வைத்தது. வெளியேற்றும் கழிவுக்கு லிட்டருக்குப் பைசாக் கணக்கில் அபராதமும் விதித்தது. 2009 அக்டோபர் 6இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்து மூன்று மாத அவகாசம் கொடுத்தது. 2011 ஜனவரி 28இல் உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளின் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. துணியை வெளிமாநிலங்களுக்கு அனுப்பிச் சாயமேற்ற வேண்டிய நிலை வந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் ஊரைவிட்டுக் கிளம்பின.

இங்கே வின்டர்கார்ன் இல்லை, ஆண்டர்சனும் இல்லை. நூற்றுக்கணக்கான சிறு முதலாளிகள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அச்சம் இருந்தது. அது நியாயமான அச்சம். சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கும் கொப்பரையும் கோடிக்கணக்கில் செலவு வைப்பவை. வங்கிக் கடன் ஏற்கெனவே கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. வெளிநாட்டு வாங்குபவர் துணிக்குக் கூடுதலாக ஒரு காசும் தரத் தயாராக இல்லை. போட்டி நாடுகளில் இப்படி ஒரு விதி இல்லை என்ற ஆற்றாமையும் இருந்தது. அச்சத்தோடு சேர்ந்த இன்னொரு உணர்ச்சிதான் உண்மையில் கெடுத்தது: அடுத்த வாய்தாவில் ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கை. இழப்பை இன்றே ஒப்புக்கொள்வதைவிட, பெரிய இழப்பு நாளை வரக்கூடிய சூதாட்டத்தையே மனம் விரும்பும் என்று டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் காட்டினார்கள். ஒவ்வொரு வாய்தாவும் அப்படி ஒரு சூதாட்டம்.

டூபாண்டுக்காவது அண்டார்க்டிகாவில் யாரோ அளந்து சொல்லித்தான் உண்மை தெரிய வேண்டியிருந்தது. திருப்பூருக்கு அந்தத் தேவைகூட இல்லை. கரைந்த உப்பின் வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். வெளியேறும் நீரில் அது எவ்வளவு என்பது சுத்திகரிப்பு நிலைய ஆய்வகத்தில் வேலை செய்த ஒவ்வொருவருக்கும் தெரிந்த எண். பட்டறை முதலாளிகளில் ஏராளமானோர் கொங்கு வட்டார விவசாயக் குடும்பங்களிலிருந்தே தொழிலுக்கு வந்தவர்கள். கிணற்று நீர் கெட்டால் தென்னைக்கு என்ன ஆகும் என்பது அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டிய விஷயமன்று. எண் கையில் இருந்தது, விளைவு கண்ணில் இருந்தது. சங்கக் கூட்டத்தில் எழுந்து அதைச் சொன்னவர் தொழிலுக்குத் துரோகி ஆகிவிடுவார் என்ற நிலைதான் தடை. கடைசியில் அந்தச் செய்தியை மேலே கொண்டுபோகும் வேலையை நீதிமன்றம் செய்தது. நீதிமன்றத்துக்கு மென்மையாகச் சொல்லத் தெரியாது.

மூடியபின் நடந்தவை இந்த ஊரின் திறமையைக் காட்டுகின்றன. மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், உப்புக்கரைசலையே மீட்டுத் திரும்பவும் சாயமேற்றப் பயன்படுத்தும் முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. கழிவுநீரில் 90 சதவீதத்துக்கும் மேல் நல்ல நீராக மீண்டும் தொட்டிக்கு வந்தது. பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. இன்று ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர், கழிவில்லாச் சாயமேற்றலைத் தன் தனிச்சிறப்பாக உலகச் சந்தையில் சொல்லி விற்கிறது. நொய்யல் இன்னும் முழுதாகத் தேறிவிடவில்லை. திருட்டுத்தனமாகக் கழிவு விடுவதாகப் புகார்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆனாலும், முடியவே முடியாது என்று ஆண்டுக்கணக்கில் வாதாடியதைக் கதவு மூடியபின் செய்து காட்டினார்கள். அந்த ஆண்டுகளில் உப்பேறிய நிலத்துக்கும், ஊரைவிட்டுப் போன தொழிலாளிக்கும் அது காலம் கடந்து வந்தது.

அடுத்த ஆட்டம் தொடங்கிவிட்டது. இறக்குமதியாகும் இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவை தயாரானபோது வெளியான கார்பனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கட்டணம் விதிக்கும் ஏற்பாடு, 2026 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. துணிக்கும் தோலுக்கும் கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. இந்த அவையில் இருக்கும் தொழிலதிபர்களிடமும், தொழிற்சங்க, வணிகச் சங்கப் பொறுப்பாளர்களிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். உங்கள் நிறுவனத்தின் மாதக் கூட்ட நிகழ்ச்சி நிரலில், விற்பனைக்கு முன்னால், கழிவுக்கும் புகைக்கும் நீருக்கும் ஓர் இடம் வையுங்கள். அதைப் பற்றிப் பேச வேண்டியவர் ஆய்வகத்தில் அளவு எடுக்கும் அந்த இளநிலை ஊழியராக இருக்கட்டும். அவர் சொல்லும் எண் உங்களுக்குக் கோபம் மூட்டினாலும், அச்சம் தந்தாலும், அவருடைய வேலைக்கு ஆபத்து வராது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். அதை இந்த மாதமே செய்யுங்கள்.